பழனியாண்டி சேரின் பௌதிக வகுப்பு

செவ்வாய்க்கிழமை இடைவேளையில், நான் பௌதிகம் படிப்பிக்கும் பதுளைப் பாடசாலைக்குத் தொலைபேசி வந்தது. மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையின் அதிபர் பேசினார். பழனியாண்டி சேர் அன்று அதிகாலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். பிறகு அதிபரே தொடர்ந்தார்: "பௌதிகத்துக்கு வேற ஆளில்ல டீச்சர். உயர்தர வகுப்ப மூடிட்டு, பிள்ளைகள பதுளைக்கு அனுப்பச் சொல்லுவாங்க." அனுப்பினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெண்பிள்ளைகள் அநேகமாக எவருமே வரமாட்டார்கள். அந்த மலை வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து இருட்டிய பிறகு திரும்ப எந்த வீட்டிலும் விடமாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், பல்கலைக்கழகம் ஒன்று ஆகஸ்ட் விடுமுறையில் நடத்திய துகள் பௌதிகப் பயிற்சியில்தான் அவரைச் சந்தித்தேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்புகளின் ஆசிரியர்களுக்கான பயிற்சி அது. நான் சான்றிதழுக்காகப் போயிருந்தேன். முதல் நாள் விரிவுரையாளர் ஒவ்வொருவரிடமும் பாடசாலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இருக்கிறதா?"

"இல்லைங்க சேர். இனிமேதான்," என்றார் பழனியாண்டி சேர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அங்கே முகில் அறை ஒன்றைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மதுசார ஆவி. அடித்தட்டைக் கடுமையாகக் குளிரவைத்தால், வானிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் போன தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். மலை உயர உயர அக்கதிர்கள் கூடும் என்று விரிவுரையாளர் சொன்னதும், பழனியாண்டி சேர் என் பக்கம் குனிந்தார். "டீச்சர், கொழும்பவிட நமக்குக் கூடுதலா கிடைக்கிறது இது ஒண்ணுதான் போல. விடக்கூடாது."

"குளிர வைக்க உலர் பனிக்கட்டிக்கு எங்க போகப் போறியள், சேர்?" என்று என் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டேன்.

"மாட்டு டொக்டர்கிட்ட."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால், பசுக்களைச் செயற்கையாகச் சினைப்படுத்தும் விந்தணுக்களைக் கால்நடை வைத்தியர்கள், உலர் பனிக்கட்டியைவிடக் குளிரான திரவ நைதரசனில்தான் வைத்திருப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் மாடு வளர்க்கும் ஊரில் அதை நினைத்தவர் அவர் மட்டும்தான்.

உயர்தர வகுப்புக்கு இடமளிக்கலாமா என்று பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்த நாளில், பழனியாண்டி சேர் என்னையும் அழைத்திருந்தார். ஆர்வத்தில் நைதரசனை அதிகமாக ஊற்றிவிட்டார். மதுசாரம் உறைந்து, பெட்டிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க சேர். பெரட்டுக்கே ஆள் சேர நேரமாகும்," என்றார் பழனியாண்டி சேர். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். பின்னால் நின்ற பெற்றோர் சிரித்தார்கள். குளிர் மெல்லத் தணிந்ததும், மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்தன.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த ஒரு தாய் எட்டிப் பார்த்தார். "இது நம்ம மேலயும் பாயுதா சேர்?"

"ஆமாங்க. இப்பவும் உங்க கை வழியா போயிக்கிட்டுதான் இருக்கு."

"போகட்டும். கொழுந்து நிறுக்கிறப்ப கணக்குல கிலோ கழிக்காம இருந்தா சரி."

அனுமதி கிடைத்தது. அந்தக் கோடுகளால் கிடைத்தது என்று நான் நம்பவில்லை. அத்தனை பெற்றோருக்கு முன்னால் இல்லையென்று சொல்ல அந்த அதிகாரியால் முடியவில்லை. இதைப் பின்னர் சேரிடமே சொன்னேன். "தெரியும் டீச்சர். பெட்டியக் காட்டுறோம்னு சொன்னாத்தானே அவங்க எல்லாரும் வருவாங்க," என்றார்.

அந்த வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்கள் சிலர், போகாதவர்களே அதிகம். சேர் இரு தரப்பினரிடமும் ஒரே குரலில்தான் பேசுவார். போகாதவர்களுக்கு "படிச்சது வீண் போகாது" என்று ஆறுதல் சொல்லமாட்டார். "அடுத்த தடவைக்குப் படி" என்பார்.

அவரை நினைத்துச் சோர்ந்திருக்க எனக்கு நேரமில்லை. நினைவாக அவருடைய பொருள் எதையும் நான் கேட்கவில்லை. அதிபரிடம் அவருடைய வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். புதிய ஆசிரியர் வரும்வரை சனிக்கிழமைகளில் மடுல்சீமைக்குப் போவேன். வலயத்தின் அனுமதி இன்னும் வரவில்லை. வரும்வரை பிள்ளைகளைக் காக்கவைக்க முடியாது. சேர் மின்னியலில் பாதி முடித்திருக்கிறாராம். அங்கிருந்து தொடங்குவேன்.