வாத்துகளைச் சுட்டது யார்?

பழைய பெட்டி டிவியை அணைத்தவுடன் கண்ணாடியில் கையை வைத்தால் சின்னதாகப் படபடவென்று ஒரு சத்தம் வரும். கையிலுள்ள பூனைமுடியெல்லாம் எழுந்து நிற்கும். கூடவே ஒரு மணம்... சூடான தூசியின் மணம்.

எனக்கு அப்போது ஆறு வயது. வாப்பா சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியிலிருந்து சோப்பு, பேரீச்சை, உம்மாவுக்குத் துணி எல்லாம் எடுத்து முடித்த பிறகு, அடியிலிருந்து வந்தது அந்த வீடியோ கேம். இரண்டு ரிமோட், ஒரு மஞ்சள் கேசட், ஒரு ஆரஞ்சு நிறத் துப்பாக்கி.

கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் ஏழெட்டுதான். அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்!

எனக்கு வேண்டியது வாத்து சுடும் கேம் ஒன்றுதான். புல்லுக்குள்ளிருந்து வாத்து பறக்கும். ஒரு வாத்துக்கு மூன்று குண்டு. ரொம்பத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

நான் தவறவிட்டதே இல்லை. அப்படித்தான் எனக்கு நினைவு.

பாயில் நான் முன்னால் உட்காருவேன். வாப்பா எனக்குப் பின்னால். ஸ்டார்ட் பட்டனை அமுக்குவது அவர் வேலை என்பதால் ரிமோட் எப்போதும் அவர் கையில் இருக்கும். நான் சுடச் சுட வாத்துகள் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உம்மா நான் குறி தவறாமல் சுடுவதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார். நானும் நம்பினேன். பத்து வருடமாக நம்பினேன்.

அதனால்தான் போன மாதம் பி.இ.டி. டீச்சர் வந்து, ரைஃபிள் சுடும் போட்டிக்குப் பெயர் கொடுப்பவர்கள் உண்டா என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். விளையாட்டு பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிற நான்... வகுப்பே திரும்பிப் பார்த்தது.

போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முன் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். மூன்று நிற வயரையும் எங்கள் புது டிவியில் செருகினேன். கேம் வந்தது. வாத்தும் வந்தது. சுட்டேன். ஒன்றுகூட விழவில்லை. திரையோடு ஒட்டிவைத்துச் சுட்டாலும் விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா, நான் கெட்டுவிட்டேனா என்று புரியாமல் நின்றேன்.

வாப்பாதான் சொன்னார். இந்தத் துப்பாக்கி, டிவியிலிருந்து வருகிற வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யுமாம். புது டிவியில் அந்த வெளிச்சம் கொஞ்சம் பிந்தி வருகிறதாம். பெட்டி டிவியில்தான் சரிவரும் என்றார்.

என் தோழி ஜெனிலாவின் வீடு குழித்துறையில். அங்கே பின் அறையில் ஒரு பெட்டி டிவி இன்னும் ஓடுகிறது. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பஸ் ஏறினேன்.

அங்கே துப்பாக்கி நன்றாகவே வேலை செய்தது. நான்தான் செய்யவில்லை. பத்து வாத்தில் இரண்டு. அடுத்த ஆட்டத்தில் ஒன்று.

ஜெனிலா கட்டிலில் சாய்ந்தபடி, "ஏட்டி, அதுக உன்னப் பாத்து பயப்படவே இல்லியே. சாவகாசமா வீட்டுக்குப் போகுது பாரு" என்றாள்.

சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்துச் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"நில்லு நில்லு. நான் இடது அமுக்கினா இதும் இடது போகுது."

மறுபடி அமுக்கினாள். வாத்து அவள் சொன்ன பக்கம் திரும்பியது. மெல்ல மெல்ல அதை என் துப்பாக்கிக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

"இப்ப சுடு."

சுட்டேன். விழுந்தது.

ஜெனிலா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா சவுதியை விட்டு வந்து மூன்று வருடமாகிறது. இப்போது ஜங்ஷனில் மொபைல் கடை வைத்திருக்கிறார். திரும்பும் வழியில் நேரே அங்கே போனேன். ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, நீங்கள்தான் வாத்துகளைத் திருப்பினீர்களா என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"திருப்பிக் குடுப்பேன். கேம் முடிஞ்சா நீ எழும்பிப் போயிருவா. மொத ஒரு வாரம் நீ என்கிட்ட வரவே இல்ல, ஓர்மை உண்டா? உம்மாக்க பின்னால ஒளிச்சு நிப்பா. இத வச்சுத்தான் கிட்ட வந்தா."

எனக்கு அது ஞாபகமே இல்லை. வாத்துகள் மட்டும்தான் ஞாபகம்.

"எல்லா வாத்தையுமா வாப்பா?"

போனின் கண்ணாடிக்கடியில் ஒரு காற்றுக்குமிழி இருந்தது. விரலால் அதை ஓரம்வரை தள்ளிவிட்டுச் சொன்னார். "அது எப்படி மக்களே தெரியும்? பாதி நேரம் நான் டிவிய எங்க பாத்தேன்? உன்னைத்தானே பாத்துட்டு இருந்தேன்."

வீட்டுக்கு நடக்கும்போது இதையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிவியைப் பார்க்காமல் வாத்தைத் திருப்ப முடியாது. அப்படியானால் பாதி நான் சுட்டவை. ஆனால் எந்தப் பாதி? அவர் என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருந்தால்? போட்டிக்கான பெயர்ப் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. வெட்டிவிடு என்கிறாள் ஜெனிலா. செவ்வாய்க்கிழமை தேர்வு.

அன்று வாப்பாவுக்குக் கிடைத்தது நாற்பது நாள் லீவு. முதல் வாரம் போக மீதி நாளெல்லாம் அவர் கால்முட்டு என் முதுகில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். இன்று வருடம் முழுவதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் போனில் இருப்பார். நான் புத்தகத்தில் இருப்பேன்.

ஜெனிலா அந்தப் பெட்டி டிவியைச் செவ்வாய்வரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். நாளை ஆட்டோவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு ஆட்டம் வாங்க வாப்பா என்று கூப்பிடப் போகிறேன். வருவார்.

ரிமோட்டைக் கீழே வையுங்கள் என்று சொல்வதா, பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதா... அதுதான் இன்னும் தெரியவில்லை.