மாவுக்கட்டில் ஒரு நரி

மருத்துவமனையின் மாவுக்கட்டு அறையில் அவர் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு; எல்லாருக்கும் அவர் 'கட்டுக்காரர்'தான். கையோ காலோ உடைந்து யாராவது வந்தால், டாக்டர் எலும்பை நேராக்கிப் பிடிக்க, இவர் ஈரமான மாவுத்துணியைச் சுற்றுவார். எலும்பு கூடிய பிறகு அந்தக் கட்டை மெஷினால் வெட்டி எடுப்பதும் இவர் வேலைதான். சுற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெட்டுவதில்தான் சிக்கல்.

போன வருடம் ஒரு பையனின் கைக்கட்டை வெட்டும்போது மெஷினின் தகடு சூடேறி, விரல் நீளத்துக்குத் தோல் பொசுங்கிவிட்டது. அந்தத் தகடு சுழலாது, அதிர மட்டும் செய்யும். லேசில் தோலை வெட்டாது. ஆனால் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனால் சுடும். பையனின் அப்பா போட்ட சத்தத்தில் வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. அதிலிருந்து, குழந்தைகளின் கட்டை வெட்ட வேண்டும் என்றாலே கட்டுக்காரருக்கு உள்ளங்கை வியர்க்கும். "அண்ணே, இதை நீங்க பாருங்களேன், நான் ஸ்டோர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கூட வேலை பார்க்கும் சீனியரிடம் தள்ளிவிட்டு நழுவிவிடுவார். சீனியரும் ஏன் என்று கேட்பதில்லை.

அப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் ஏழு வயதுப் பெண் ஒருத்தி சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வந்தாள். தொடை வரைக்கும் கட்டு. அழவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் அதையே உற்றுப் பார்த்தவள், "அங்கிள், இதுல ஒரு நரி வரைஞ்சு தருவீங்களா?" என்றாள்.

"நரி எதுக்கும்மா?"

"என்னாலதான் ஓட முடியாதே. நரியாவது ஓடட்டும்."

ஈரக்கட்டில் வரைய முடியாது என்று அவர் சொன்னார். அவள் விடவில்லை. கையில் கிடைத்த மருந்துச் சீட்டின் பின்னால் ஒன்றைக் கிறுக்கிக் காட்டினார். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது நாய். சோறே சாப்பிடாத நாய்."

"ஏய், சும்மா இரு" என்று அவள் அம்மா அதட்டினார்.

"அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுக்க வருவீங்கல்ல, அப்போ கட்டு நல்லாக் காஞ்சிருக்கும். நிஜ நரியே வரைஞ்சு தரேன்" என்றார் கட்டுக்காரர். அந்த நேரத்துக்குத் தப்பிக்கச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவள் விரலை மடக்கி நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தவளையின் படம் வரையச் சொன்னபோது அதற்கு முட்டி எந்தப் பக்கம் மடங்கும் என்று தெரியாமல் வகுப்புக்கு வெளியே நின்றவர் அவர்.

அவர் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாப்பாட்டு மேசையில் இவர் போனில் நரிப் படத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சிவப்புப் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்.

"முகம் வெறும் வட்டமா நிக்குது பாருங்க. கன்னத்துல அகலமா ஆரம்பிச்சு மூக்குல போய் ஒடுங்கணும்."

"ஒடுக்கினா எலி ஆயிடுதே."

"காது ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தா எலிதான். நடுவுல இடம் விடுங்க. வால் வேற கயிறு மாதிரி இருக்கு. இன்னும் புசுபுசுன்னு வரணும்."

நாற்பது நரியாவது வரைந்திருப்பார். முதலில் படத்தைச் சரியாகப் பார்க்காமலே வரைந்துகொண்டிருந்தார். தலையில் இருந்த ஏதோ ஒரு நரியை. படத்தைப் பார்த்து, ஒரு கோடு போட்டு, மறுபடி படத்தைப் பார்த்து அடுத்த கோடு என்று வந்த பிறகுதான் அது நாய் ஜாதியிலிருந்து கொஞ்சம் விலகியது. காகிதத்தில் சரியாக வந்தது, மாவில் வரவில்லை. மாவு மையை உறிஞ்சிப் பரப்பியது. வெட்டிப்போட்ட பழைய கட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டு, மார்க்கரை அழுத்தாமல் இழுக்கப் பழகினார்.

சொன்னபடி அடுத்த வாரம் அவள் வந்தாள். வெளியே மூன்று பேர் காத்திருக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். முட்டிக்குக் கீழே தலை, கெண்டைக்கால் பக்கம் உடம்பு. வாலுக்கு இடம் போதாமல் அதைக் காலின் வெளிப்பக்கமாக வளைத்துக் கொண்டுபோனார்.

அவள் குனிந்து பார்த்தாள். "நரிதான்" என்றாள்.

அரை நாள் அவருக்குக் கால் தரையில் படவில்லை. டீ குடிக்கும்போது சீனியர்தான் கேட்டார்: "ஏம்ப்பா, வாலை எங்க போட்டிருக்க? நாம வெட்டுற கோடு அது மேலதானே போகுது?"

பதினோரு வருடமாக வெட்டும் கோடு. அதன் மேலேயே வாலை வரைந்திருக்கிறார்.

"அன்னிக்கு நீங்க பார்த்துக்குவீங்கல்ல அண்ணே?"

"நான் எங்க இருக்கப் போறேன்? ஒண்ணாம் தேதியிலிருந்து என்னை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்க."

கட்டு எடுக்க மீதியிருந்த ஐந்து வாரமும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சுருட்டிய துண்டின் மேல் கட்டுச் சுற்றி, வளைத்து வெட்டிப் பழகினார். துண்டு கத்தாது, அதனால் பயமும் குறையவில்லை. ஒருநாள் சாயங்காலம் மனைவி, "வீட்டுக்குள்ள நடந்து நடந்தே தரையைத் தேய்ச்சுடுவீங்க போல. என்னதான் விஷயம்?" என்று கேட்டார். அப்போதுதான் பையனின் கை பொசுங்கியதைச் சொன்னார். ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்தது. துண்டில் வெட்டிப் பழகுவதையும் சொன்னார்.

மனைவி திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "நாளைக்கு எனக்கு லீவு. மதியம் வரேன். என் கையில போட்டு வெட்டுங்க" என்றார்.

"உனக்குப் பைத்தியமா?"

"துண்டுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு."

மறுநாள் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் கதவைச் சாத்தி, மனைவியின் இடது முன்கையில் கட்டுப் போட்டார். அது இறுகும்வரை மனைவி வலது கையால் அச்சுத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். மெஷின் ஓடியதும் கட்டுக்காரரின் மணிக்கட்டு நடுங்கியது. கொஞ்ச தூரம் போயிருக்கும்.

"சுடுது."

"இதோ, கொஞ்சம்தான்..."

"சுடுதுங்கறேன், நிறுத்துங்க!"

நிறுத்தினார். தகடு ஆறக் காத்திருந்தார்.

"அந்தப் பையனும் இதைத்தான் சொன்னான்" என்றார். "எல்லாப் பிள்ளைங்களும் கத்துறதுதானேன்னு நான் நிறுத்தல. கை நடுங்கினதால இல்ல. நான் கேக்கல."

மனைவி கையை மறுபடி நீட்டினார். கட்டுக்காரர் ஏழு முறை நிறுத்தி வெட்டினார். தோலில் கீறல்கூட இல்லை.

கட்டு எடுக்கும் நாளில் அந்தப் பெண் மெஷினைப் பார்த்ததும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "நரியை வெட்டக் கூடாது."

"வெட்டமாட்டேன். சுத்திப் போறேன். ஆனா ஒண்ணு, சுட்டா 'சுடுது'ன்னு சொல்லு. உடனே நிறுத்திடுவேன்."

"நிஜமா?"

"சொல்லித்தான் பாரேன்."

ஒரு விரல்கடை வெட்டியதுமே, "சுடுது!" என்றாள். நிறுத்தினார். அவர் முகத்தையே பார்த்தாள். மறுபடி ஓடியது. "சுடுது!" நிறுத்தினார். நான்கு முறை சொன்னாள். இரண்டு முறையாவது சும்மா சோதித்துப் பார்த்தது என்று அவருக்குத் தெரிந்தது. அப்போதும் நிறுத்தினார். வெளியே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். சட்டை முதுகோடு ஒட்டியது. வால் வந்தபோது தகட்டை எடுத்து எடுத்து வைத்து, அதன் ஓரமாகவே சுற்றிப் போனார். கடைசி வளைவில் ஒரு சில்லு தெறித்தது. வால் நுனி போயிற்று.

"ஐயோ, வால்!"

"தப்புதான் பாப்பா. நுனியில கை நழுவிடுச்சு."

அவள் கோபத்தில் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் கட்டு இரண்டாகப் பிரிந்து கால் வெளியே வந்ததும் வாலை மறந்துவிட்டாள். கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் கண் கலங்கியது. அவள் அம்மாவுக்கும்தான். கட்டுக்காரர் கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் சிவப்பு இல்லை. மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு மூணு மாசத்துல இன்னொரு கால் மாதிரியே ஆயிடும். டாக்டர் சொல்ற பயிற்சியை மட்டும் விடாதீங்க" என்றார்.

நரி இருந்த பாதியை அவள் அம்மா பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் திரும்பி, "அங்கிள், உங்களுக்கு முயல் வரையத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றார் அவர். அடுத்த ஆளை உள்ளே விடுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தார்.