ஒரு எரருக்கு ஒரு பஸ்

கீபோர்டில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் வெள்ளையாகிவிடும். அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஜன்னலைச் சாத்தினாலும் தூசி எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் கம்ப்யூட்டரைத் துடைப்பதுதான் என் முதல் வேலை...

இரண்டாயிரத்து ஐந்தோ, ஆறோ.

முரளி சார் என்று ஒருவர், கல்லாகிப்போன நத்தைகளை ஆராய்ச்சி செய்ய எங்கள் ஊரில் வீடு பிடித்திருந்தார். சமையலுக்கும் காவலுக்கும் நான். பேருக்குத்தான் சமையல். மாவட்டத்திலேயே கருப்புத் திரையில் கமாண்ட் அடித்த முதல் ஆள் அடியேன்தான். ஒன்பதாவதோடு நின்றவன்தான், ஒற்றை விரல்தான். ஆனாலும் நான் நாலு எழுத்து முன்னால் போவேன், திரை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும்!

சாருக்குக் கல்லைப் பற்றித் தெரியாதது இல்லை. கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் பயம். ஆறாயிரம் நத்தைகளின் அளவை எடுத்து அதில் ஏற்றி வைத்திருந்தார். கணக்குப் போட 'ஆர்' என்று ஒரு லாங்குவேஜ். பெயரே ஒற்றை எழுத்து. மிக்ஸிக்குத் தனி ஜார் மாட்டுகிற மாதிரி, அவர் கேட்ட கணக்குக்கு அதில் தனியாக ஒரு பேக்கேஜ் போட வேண்டும். பொங்கலுக்குள் ரிசல்ட் கொடுக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சியும் அதோடு சரி.

ஊரில் இன்டர்நெட் கிடையாது. சார் பகலெல்லாம் சுரங்கத்தில் இருப்பார். அதனால் நான் பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, பாய் ஒருவர் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் ஃபைலை இறக்கிக்கொண்டு வருவேன். பென்டிரைவைத் தாயத்து மாதிரி கழுத்தில் கட்டியிருப்பேன்.

முதல் பேக்கேஜைப் போட்டோம். எரர். இதற்கு முன்னால் வேறொன்றைப் போட வேண்டுமாம்.

கல்யாணத்துக்கு மாமனை அழைத்தால், "எம் பங்காளிக்குப் பத்திரிகை வச்சியா?" என்பார். பங்காளி வீட்டுக்குப் போனால் அவர் சம்பந்தியைக் கை காட்டுவார். அந்தக் கதைதான். எரரை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி பஸ். அர்த்தம் தெரியாது, ஆனால் அச்சு மாதிரி இருக்கும்.

மூன்றாவது தடவை பாய் நிறுத்தினார்.

"அண்ணே, எதுக்கு எது வேணும்னு இந்தப் பக்கத்துலயே போட்டிருக்கான். எல்லாத்தையும் மொத்தமா எறக்கித் தரேன், எடுத்துட்டுப் போங்களேன்."

"இல்ல பாய். தாள்ல இருக்கிறத மட்டும் குடுங்க."

"நீங்க என்ன பஸ்ஸுக்குன்னே பொறந்தவரா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்...

சம்சாரம் மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என்னையும் கூப்பிட்டாள். ரோஷம், போகவில்லை. ஊரில் என்னோடு யாருக்கும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு இல்லை. சாரும் வேலை நன்றாக ஓடினால் வாய் திறக்க மாட்டார்.

ஆனால் நான் பெரம்பலூர் போன நாளில் மட்டும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். "வந்துட்டீங்களாண்ணே!" என்று ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வார். பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். நான் கமாண்ட் அடிக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க... எரர் விழும். தலையில் கை வைத்துக்கொள்வார். டீ போடுவேன். அப்புறம் பேச ஆரம்பிப்பார் பாருங்கள்! அவர் அம்மாவின் முட்டிவலி, காலேஜ் சண்டை, வேண்டாமென்று போன பெண்... எல்லாம் எனக்குத் தெரியும்.

எரர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துபோகும். அவ்வளவுதான் விஷயம்.

ஏழாவது தடவை திரும்பி வந்தபோது ஸ்டாப்பில் சார் இல்லை. வீட்டில் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"போதும்ணே. பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இது முடியிற காரியம் இல்ல. ஊருக்குப் போயி அப்பா சொல்ற கடைலயே உக்காந்துக்குறேன்."

மூன்று வருஷம் வெயிலில் குனிந்து பொறுக்கிய நத்தைகள். ஒரு டீக்கும் பேச்சுக்கும் ஆசைப்பட்டு நான் அதைக் கெடுத்துவிட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் இருங்க சார். முடியலேன்னா நானே பஸ் ஏத்தி வுடுறேன்."

மறுநாள் பாய் ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன். "எல்லாத்தையும் குடுங்க பாய்." அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து இறக்க ஆரம்பித்தார். மிச்சம் இருந்தது நாலே நாலு. எதை முதலில் போட வேண்டும் என்று நம்பர் எழுதியும் கொடுத்தார்.

வரிசையாக அடித்தேன். ஒன்று... இரண்டு... நாலும் ஏறின. அதன் மேல் ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தவை. கடைசியாக, சார் முதன்முதலில் கேட்ட பேக்கேஜ். எரர் இல்லை. வேலை முடிந்தது என்று 'டன்' வந்து நின்றது.

சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"நாலும் ஒரே நாள்ல எப்படிண்ணே கெடச்சுச்சு?"

"அமெரிக்காவுக்கே மெயில் போட்டுட்டேன் சார். ஒடனே அனுப்பிட்டான்."

"நீங்க கேட்டதுக்கா?"

"பின்ன! எம் பேரப் போட்டேன்ல?"

சிரித்தார். நம்பினாரா, புரிந்துகொண்டாரா... இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு நாலு நாள் அவர் தலை நிமிரவில்லை. நான் வைத்த தட்டு வைத்தபடியே இருக்கும். ஐந்தாம் நாள் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டதாக ஒரு கார்டு போட்டார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

மகள் இப்போது பெங்களூரில். அவளுடைய பழைய லேப்டாப் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அதில் 'ஆர்' ஏற்றி, அதே பேக்கேஜின் பெயரை அடித்தேன். ஒரே ஒரு வரிதான். அதற்கு வேண்டியதையெல்லாம் அதுவே தேடிப் போய் எடுத்து வந்து, வரிசையாகப் போட்டு, ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. யாரும் எங்கேயும் போய் வர வேண்டியதில்லை.

எங்காவது ஒரு எரர் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்...

வரவில்லை.