வாப்பாவின் மணிக்கூட்டுக்கு நாலு விலை

வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு, தில்லையடி வீட்டு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தங்கப் பொக்கெட் மணிக்கூட்டை இறக்கினோம். பேரீச்சம்பழம் வந்த தகரப் பெட்டியில், வெள்ளைத் துணி சுற்றி, இறந்தவரைக் கஃபனிட்டதுபோலக் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் வாப்பா அதை வெளியே எடுப்பார். மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டுவார். பிறகு மூடிவிடுவார். ஆண்கள் தங்கம் அணிவது ஹராம் என்பதால் அவர் அதைச் சட்டைப்பையில் போட்டதே இல்லை. சாவி கொடுத்தால் பாவித்ததாகிவிடும் என்று பயந்து சாவியும் கொடுத்ததில்லை. ஆகவே எங்கள் வீட்டுக்குப் பெருநாள் எப்போதும் முள் நின்றுபோன ஏழேகால் மணிக்குத்தான் வந்தது.

உம்மா முன்பே போய்விட்டதால் வாரிசுகள் மூன்று பேர். மூத்தவன் நான், மற்ற இருவருக்கும் நானா. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தேங்காய் வியாபாரத்துக்குப் போனவன். எனக்கு அடுத்தவள் தங்கச்சி, கற்பிட்டியில் தையல் தைக்கிறாள். அவளை ராத்தா என்று கூப்பிடும் கடைசித் தம்பிக்கு நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை. வீட்டையும் காணியையும் வாப்பா இருக்கும்போதே பிரித்துத் தந்துவிட்டார். மிஞ்சியது இது ஒன்றுதான். ஷரீஅத்துப்படி ஐந்து பங்கு: ஆண்கள் எங்களுக்கு இரண்டிரண்டு, தங்கச்சிக்கு ஒன்று. மணிக்கூட்டை ஐந்தாக வெட்ட முடியாது. பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டேன்.

"முதல்ல விலைய மதிச்சிட்டு வாங்க. ஒராள் சாமான எடுத்துக்கொண்டு மத்த ஆக்களுக்குக் காசக் குடுத்தாச் சரி" என்றார்.

எனக்கு அந்த மணிக்கூடு வேண்டும். வாப்பா அந்த மூடியைத் திறக்கும் 'டிக்' சத்தம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான் எடுப்பதென்றால் விலை குறைவாக இருக்க வேண்டும். தம்பிக்கோ விற்க வேண்டும், ஆகவே விலை கூட வேண்டும். வெள்ளிதோறும் ஜும்ஆவில் ஒரே சஃப் வரிசையில் தோளோடு தோள் உரசி நின்று, நான் விலை இறங்கவும் அவன் விலை ஏறவும் துஆச் செய்தோம். தங்கத்தின் விலை இறங்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் அழுதவன் இந்தப் புத்தளத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு டவுணில் ஒரு நகைக்கடைக்குத் தனியாகப் போனேன். கடை முதலாளி மூடியை உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தங்கம்தான் ஹாஜியார்" என்றார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. கையில் தங்கத்தோடு வருகிற எல்லாரும் அவருக்கு ஹாஜியார்தான்.

"என்ன விலை வரும்?"

"எதுக்கு மதிக்கிற? விக்கவா, சகாத்துக் குடுக்கவா, கலியாணத்தில மஹருக்கா, பங்கு வைக்கவா?"

"ஒரு சாமானுக்கு நாலு விலையா?"

"தங்கத்துக்கு ஒரு விலைதான் ஹாஜியார். ஆக்களுக்குத்தான் நாலு."

நான் கடைக்கு வெளியே பார்த்தேன். பழக்கமான முகம் ஒன்றும் இல்லை. "பங்கு வைக்க" என்றேன். "எடுக்கிறது நான்தான்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. உள்ளே இருக்கும் மெஷினைக் கழித்தார், கண்ணாடியைக் கழித்தார், உருக்கினால் சேதாரம் என்று இன்னும் கொஞ்சம் கழித்தார். கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். ஒரு வளையலின் விலை அளவுக்கு வந்து நின்றது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்டே, துண்டை முழுதாக வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு மூவரும் எங்கள் வீட்டில் கூடினோம். துண்டைக் கண்டதும் தம்பி எழும்பிவிட்டான்.

"என்ன நானா இது? மணிக்கூட்டுக்கா விலை கேட்டீங்க, மூடிக்கா?" போனைத் தூக்கிக் காட்டினான். வெளிநாட்டில் எங்கோ இதைப் போல ஒன்று ஒரு வீட்டுக் காணியின் விலைக்குப் போயிருந்தது. "எங்கடது இதவிட மேல. கவர்னர் துரை அப்பாவுக்குக் குடுத்த சாமான்."

அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. வாப்பா சொன்ன கதையில் அவருக்கு அதைக் கொடுத்தவர் ஒரு தென்னந்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்தார். போன மாதம் தம்பி அவரைத் தோட்டத் துரை ஆக்கியிருந்தான். இன்று கவர்னர். இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை போனால் இங்கிலாந்து ராணியே எங்கள் அப்பாவைத் தேடிக் கற்பிட்டிக்கு வந்திறங்கியிருப்பார்.

தங்கச்சி துண்டை எடுத்து வாசித்தாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் பாத்துச் செய்ங்க" என்றாள். நான் தேத்தண்ணி குடித்துச் சமாளித்தேன்.

தம்பி விடவில்லை. சிலாபத்தில் மணிக்கூடு திருத்தும் ஒரு வயதான சிங்களவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் கண்ணில் கண்ணாடியைச் செருகி, பின்மூடியைத் திறந்து, பல்சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"மாத்தயா, இது கவர்னர் குடுத்தது" என்றான் தம்பி.

"ஆர் குடுத்தாலும் பரவாயில்ல. நீங்க எண்ணெய் குடுத்தீங்களா?"

"இல்ல."

"சாவி?"

நான் விளக்கினேன். தங்கம், ஆண்கள், ஹராம், வாப்பாவின் பேணுதல். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"போட்டாத்தானே குத்தம்? சாவி குடுத்தாலும் குத்தமா?"

இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. கடல் காற்றின் உப்பு உள்ளே போய்ச் சில்லுகளைப் பிடித்துவிட்டதாம். தினமும் சாவி கொடுத்து, இடைக்கிடை எண்ணெய் போட்டிருந்தால் இந்தக் கேடு வந்திராதாம். இப்படியே விற்றால் வெறும் தங்கத்தின் விலை. ஓடினால் அதைப்போல மூன்று மடங்கு. வாப்பா அஞ்சி அஞ்சிப் பூட்டி வைத்ததில்தான் அதன் விலை இறங்கியிருக்கிறது. விலை இறங்க நான் கேட்ட துஆவை வாப்பா எனக்கு முன்பே நிறைவேற்றிவிட்டார் போலும்!

அவரிடமே திருத்தக் கொடுத்தோம்; இரண்டு வாரத்தில் அது ஓடியது. மீண்டும் கூடினோம். நடுமேசையில் அது 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. அது ஓடும் சத்தத்தை நாங்கள் அன்றுதான் முதல் தடவை கேட்டோம்.

"தம்பி, ஒனக்குக் கிடைச்சா என்ன செய்வாய்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"விப்பேன் ராத்தா."

"நானா நீங்க?"

"அலுமாரியில வைப்பேன்."

"சாவி குடுப்பீங்களா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் இது போட ஏலாது. எனக்கு ஏலும். நான் எடுக்கிறேன்." கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை மேசையில் வைத்தாள். "நானா மதிச்ச விலைக்கு."

தம்பி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கும் அவனுக்கும் நஷ்டம். திறந்தால் என் மானம் போகும். உடன்பிறந்தவளின் ஒற்றைப் பங்கில் கை வைக்கத்தான் அந்தத் துண்டை எழுதுவித்தேன். வாப்பாவின் மணிக்கூடு அடித்துக்கொண்டே இருந்தது.

"அது சரியான விலை இல்ல தங்கச்சி" என்றேன். "குறைச்சு எழுதச் சொன்னது நான்தான்."

"தெரியும் நானா." துண்டின் தலைப்பில் விரலை வைத்தாள். 'பங்கு வைக்க' என்று எழுதி, அடியில் கோடும் இழுத்திருந்தது. "அந்தக் கடையில எதுக்கு மதிக்கிறாங்களோ அத மேல எழுதுவாங்க. என்ட நாலு வளையலையும் விக்கப் போனப்போ 'விக்க' என்டு எழுதினாங்க. சிலாபத்தில சொன்ன விலைக்கே எடுக்கிறேன். வளையல் வித்த காசு இரிக்கு."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கவர்னர் இல்ல ராத்தா" என்று முணுமுணுத்தான். "கணக்கப்பிள்ளதான்."

இந்தப் பெருநாளைக்குத் தங்கச்சி கற்பிட்டியிலிருந்து வந்தாள். நீளச் சங்கிலியில் மணிக்கூடு கழுத்தில் தொங்கியது. தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அதைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"அடிக்கிறது மெதுவாப் போகுது. சாவி குடுங்க நானா."

பிஸ்மில்லாஹ் சொல்லித் திருகினேன். மணி எட்டேமுக்கால்.