அண்ணியின் இரண்டாவது ஈடு

நடைபாதையில் யார் வணக்கம் சொன்னாலும் அண்ணி நிற்பதில்லை. கையை மட்டும் உயர்த்திவிட்டு, ஈயப்பெட்டி ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். கேட்டால், "நான் நின்னாலும் மருந்து நிக்காதே!" என்பார்.

அவர் செய்வது கதிரியக்க மருந்து; இட்லி மாதிரி அதையும் ஈடு ஈடாகத்தான் எடுப்பார். நரம்பில் ஏற்றினால் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கட்டியை ஸ்கேனில் வெளிச்சமாகக் காட்டும். செய்து முடித்த நொடியிலிருந்தே அதன் வீரியம் குறையத் தொடங்கும். இரண்டு மணி நேரத்தில் பாதிதான் மிஞ்சும். ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே 'எக்ஸ்பிரஸ்'. வீட்டிலும் அதே கதைதான். என் அண்ணன் எதையாவது சுற்றி வளைத்து ஆரம்பித்தால், "விஷயத்துக்கு வாங்க" என்று வெட்டிவிடுவார். பாவம், இந்த மனிதர் கல்யாணப் பேச்சை எப்படித்தான் எடுத்தாரோ!

இவ்வளவு அவசரக்காரர், ஒரே ஒரு புது மருந்தோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். அதை முதன்முதலாக ஒரு பெண் நோயாளிக்குக் கொடுக்கும் நாளில் நானும் கூடப் போயிருந்தேன். ரத்தப் பரிசோதனை அந்தப் பெண்ணுக்குக் கட்டி உண்டு என்றது. எங்கே என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. இன்று தெரிந்தால்தான் நாளை அறுவை சிகிச்சை.

ஊசி போடுமுன் மருந்துக்குச் செய்யும் கடைசிச் சோதனையில், கதிரியக்கப் பொருளில் கொஞ்சம் மருந்தோடு ஒட்டாமல் தனியே நின்றது.

"துளியூண்டுதானே மேடம், குடுத்துடலாம். காலையிலேருந்து பட்டினியா படுத்திருக்காங்க" என்றார் ஸ்கேன் டாக்டர்.

"ஒட்டாதது எலும்புல போய் உக்காந்துக்கும். இல்லாத இடத்துல கட்டின்னு காட்டும். நம்ம அவசரத்துக்கு அவங்க உடம்பா? இந்த ஈடு வேண்டாம், இன்னொரு ஈடு எடுக்கிறேன்."

எனக்கே கோபம் வந்தது. பிடித்தால் ஒரே பிடிதான் இந்த அண்ணிக்கு! அவரோ நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"தப்பு என்மேலதாம்மா. சாயங்காலத்துக்குள்ள சரியாக் கொண்டுவரேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணி திரும்பிவந்து புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுப் பையைத் திறக்கவேயில்லை.

இரண்டாவது ஈடு சுத்தமாக வந்தது. சாயங்காலம் திரையில், வயிற்றின் ஓரமாக மிளகளவு ஒரு வெளிச்சம்.

"மாட்டிக்கிச்சு!" என்று டாக்டர் கத்தினார். "சாதிச்சுட்டீங்க மேடம்!" யாரோ கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் மேசையிலிருந்து எழுந்து உட்கார்ந்த அந்தப் பெண், தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி சட்டென்று எழுந்துபோய், எங்கள் சிரிப்பு அவளுக்குத் தெரியாதபடி, அவளைப் பார்த்தவாறு கண்ணாடிக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.