பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு கெண்டை

முப்பத்தைந்தாவது வயதில், தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கப் போன ஒரு காலையில், ஒன்பது பாகம், அதாவது ஐம்பதடிக்கு மேல் ஆழத்தில் இனிகோவின் இடது காது வெடித்தது. காயம் ஆறிவிட்டது, தலைசுற்றல் ஆறவில்லை. படகு ஓர் அலையில் ஏறி இறங்கினாலே அவனுக்கு வானமும் தண்ணீரும் இடம் மாறிவிடும். மூன்று முறை முயன்று பார்த்தான். மூன்று முறையும் படகுக்குள் சுருண்டு கிடந்தபடியே கரைக்கு வந்தான். நான்காம் முறை கடலுக்குப் போகவில்லை. சைக்கிளின் பின்னால் வீச்சு வலையைக் கட்டிக்கொண்டு, தாமிரபரணிக் கரையோடு எட்டு மைல் மேற்கே போனான். ஆற்றில் நின்று வலை வீச ஆடாத தரை இருந்தது. அவனுக்கு அது போதும்.

அவனுடைய அப்பா பவுலுக்கு அது போதவில்லை. எழுபது வயதுக்காரர், முத்துக்குளிப்பில் பேர் எடுத்தவர். கடல்காரன் மகன் வயல்காரர்களின் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. சேற்று மீன் தன் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டு, அன்றோடு மகன் வீட்டில் கை நனைப்பதை நிறுத்தினார். மூன்று வருடமாக இளைய மகன் கிளாட்வின் வீட்டில்தான் சாப்பாடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான்.

இனிகோ ஆற்றைப் படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, போன நாள், நிலாவின் அளவு, காற்று, தண்ணீரின் நிறம், எந்த இடத்தில் எத்தனை மீன் என்று தினமும் எழுதினான். மீன் கிடைக்காத நாளைத்தான் அதிக வரிகளில் எழுதினான். முதல் வருடம் கடற்கணக்கை அப்படியே ஆற்றுக்குக் கொண்டுவந்து ஏமாந்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீரோட்டம் கூடும், மீன் நடமாடும் என்பது கடலில் சரி. எட்டு மைல் மேற்கே அந்த ஏற்ற இறக்கம் எட்டுவதே இல்லை. அங்கே நிலாவுக்கு வேறு வேலை.

இரண்டாம் வருட முடிவில் அது என்ன வேலை என்று கண்டுகொண்டான். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மீன் வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் பரவிவிடும். அப்போது நிலாக் கணக்குப் பலிக்காது. மாசி முடிந்து பிசான நெல் அறுப்பு தொடங்கியதும் வாய்க்கால்களை அடைத்துவிடுவார்கள். ஆறு சுருங்கி, அங்கங்கே கசமாகத் தேங்கும். கசம் என்றால் ஆற்றுக்குள் ஆழமான மடு. தெளிந்த அந்தத் தண்ணீரில் நிலா வெளிச்சம் இருக்கும்வரை பெரிய கெண்டை ஆழத்தை விட்டு வராது. இருட்டினால்தான் கரையோரம் மேய வரும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, நிலா மறைந்து விடியும்வரை ஒன்றரை மணி நேரம் இருட்டு கிடைக்கும். இரவெல்லாம் பசித்திருந்த மீன் அத்தனையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரைக்கு வரும். மறுநாள் அந்த இருட்டு பாதியாகும். பௌர்ணமி அன்று நிலா விழவும் சூரியன் எழவும் சரியாக இருக்கும், இருட்டே கிடையாது. மேகம் மூடினால் மட்டும் கணக்கு மாறும்.

மூன்றாம் வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் விருந்து அவன் முறைக்கு வந்தது.

அந்தக் கடற்கரைக் குடியிருப்பின் வழக்கம் இது: பெரிய வியாழன் சாயங்காலம் மாதா கோயிலில், இயேசு சீடர்களுக்குச் செய்த நினைவாக, பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பெரியவர்களுக்கும் ஒரு வீட்டார் விருந்து வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு மீன், துண்டு போடாமல் முழுசாக. விருந்து வைக்கிறவன் தன் கையால் பிடித்த மீனாக இருக்க வேண்டும். முடியாதவன் முறையை அடுத்த வீட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம், கேவலம் இல்லை. ஆனால் அதுவரை விட்டுக்கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் படுக்கையில் கிடந்தார், இன்னொருவர் இலங்கையில் இருந்தார்.

அந்த வருடப் பன்னிரண்டு பேரில் பவுலும் ஒருவர்.

முறையை விட்டுத் தரச் சொல்லி முதலில் வந்தது கிளாட்வின். கேலியாக அல்ல, நல்ல மனசோடுதான் வந்தான். தான் கடலிலிருந்து பன்னிரண்டு சங்கரா மீன் கொண்டுவந்துவிடுவதாகவும், அப்பா ஆற்று மீனைத் தொடாமல் இலையை மூடினால் ஊருக்கு முன்னால் அசிங்கம் என்றும் சொன்னான். இனிகோவின் மனைவி மரியசெல்விக்கும் அதுவே சரி என்று பட்டது. கோயில் விருந்து இலையை யாரும் மூடியதில்லை, அப்பாவும் மூட மாட்டார், அந்த ஒரு நாள்தான் தன் மீன் அவர் வாய்க்குப் போகும் என்றான் இனிகோ.

“பன்னெண்டு முழு மீன். சாணுக்குக் குறையாம. ஆத்துல கிடைக்குமா?” என்று கேட்டாள் மரியசெல்வி.

“செவ்வாய்க்கிழமை ஏழு, புதன்கிழமை அஞ்சு. கிடைக்கும்” என்றான்.

அவன் சும்மா சொல்லவில்லை. வியாழன் பௌர்ணமி. செவ்வாய் விடியுமுன் ஒன்றரை மணி நேர இருட்டு, புதன் விடியுமுன் முக்கால் மணி நேரம். முந்தின ஐப்பசி மழை பொய்த்ததால் ஆறு வழக்கத்தை விடச் சுருங்கி, மீன் எல்லாம் மருதடிக் கசத்தில் அடைந்து கிடந்தது. காற்றும் அடங்கியிருந்தது. பிடித்ததைப் பிரம்புக் கூடையில் போட்டு மூடித் தண்ணீருக்குள் கட்டிவைத்தால் வியாழன்வரை உயிரோடு இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கணக்குத் தப்பவில்லை. நிலா மறைந்து கால் மணி நேரத்தில் கரையோரம் தண்ணீர் சலசலத்தது. விடிவதற்குள் ஏழு கெண்டை. ஒவ்வொன்றையும் சாண் வைத்து அளந்து, கூடையில் விட்டு, கசத்தின் படித்துறை ஓரம் ஒரு வேரில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

புதன்கிழமை விடியுமுன் போனபோது கசத்துக்கு அரை மைல் முன்பே மாட்டு வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. கரையில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். துறை முழுக்க ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே மரங்களுக்கிடையில் இருந்த சாஸ்தா கோயிலில் முப்பது அடுப்பில் பொங்கல் கொதித்தது. வலையைத் தோளில் போட்டபடி இனிகோ அப்படியே நின்றான்.

ஈரத் துண்டோடு படியேறி வந்தவர் ஆறுமுகநயினார். அக்கரையில் வயல் வைத்திருப்பவர், இனிகோவிடம் வாரம் ஒருமுறை மீன் வாங்குகிறவர்.

“என்ன அண்ணாச்சி, இவ்வளவு கூட்டம்?”

“என்னவே கேள்வி இது? பங்குனி உத்திரம்லா. அவனவன் குடும்பத்தோட சாஸ்தாவத் தேடி வந்துருவான்.”

“முந்தா வருசம் சூசையப்பர் திருநாளுக்கு மொத நாள்லா வந்தீங்க?”

நயினார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “எங்க சாஸ்தாவுக்கு உங்க சூசையப்பரத் தெரியாதுவே. நிலாவத்தான் தெரியும். பங்குனியில நிலா நிறையுற சமயம் உத்திர நட்சத்திரம் என்னைக்கோ அன்னைக்கு வருவோம். அது உம்ம காலண்டர்ல எங்க விழுந்தா எங்களுக்கு என்ன?”

இனிகோவுக்கு விளங்கிவிட்டது. அவன் நோட்டில் தேதிகள் எல்லாம் வீட்டில் மாட்டியிருந்த கோயில் காலண்டர்படி, புனிதர்களின் பெயரில் இருந்தன. முதல் வருடம், ‘சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள், கசத்தில் கூட்டம், மீன் இல்லை’ என்று எழுதியிருந்தான். அடுத்த வருடம் அந்த நாளில் கூட்டத்துக்குப் பயந்து ஆற்றுக்கே போகவில்லை. அந்த வருடம் உத்திரம் வந்த வாரம் காதுக்கு மருந்து போடத் தூத்துக்குடியில் இருந்தான். மூன்று வருடமாக நிலாவைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன், அதே நிலாவைப் பார்த்துத்தான் இத்தனை வண்டியும் வரும் என்று யோசிக்கவில்லை.

கூடையைத் தேடி இறங்கினான். கூடை வேரில் இருந்தது. மூடி திறந்து கிடந்தது. அருகில் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்த நயினாரின் மனைவி செல்லக்கிளி அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

“நீர் கட்டுனதா தம்பி? சாமி துறையில இன்னைக்கு ஒரு உசிரக் கட்டிப்போடலாமான்னு நாந்தான் அவுத்துவிட்டேன். உமக்கு உள்ளதுன்னு தெரியாதுய்யா.”

நயினார் தலையைச் சொறிந்தார். பிறகு, தன் தோட்டத்துக் குளத்தில் விரால் கிடப்பதாகவும், ஆள் விட்டுப் பன்னிரண்டு பிடித்துத் தந்துவிடுவதாகவும் சொன்னார். இனிகோ விருந்தின் வழக்கத்தைச் சொல்லி, வேண்டாம் என்றான். செல்லக்கிளிமேல் அவனுக்குக் கோபம் இல்லை; கட்டிய இடம் தப்பு. அதையும் நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மீதி இருந்தது வியாழக்கிழமை விடியல் ஒன்றுதான். பௌர்ணமி விடியல். அவன் எழுதி வைத்த விதிப்படி மீன் வராத விடியல். மேகம் வருமா என்று மேலே பார்த்தான். மழை பொய்த்த வருடத்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அன்று அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. இத்தனை கால்கள் மிதித்த கசத்தில் மீன் நிற்காது, மேலே மணல் திட்டு, ஏற முடியாது, கீழேதான் போயிருக்கும். சைக்கிளை நயினார் வண்டியோடு சாய்த்துவிட்டு, கரையோடு கிழக்கே நடந்தான். ஒவ்வொரு மடுவிலும் அசையாமல் உட்கார்ந்து, குமிழி வருகிறதா, கோரை அசைகிறதா என்று பார்த்தான். முதல் மடுவில் எருமைகள். இரண்டாவதில் துணி துவைக்கிறார்கள். ஒரு மைல் தாண்டி ஆறு தெற்கே திரும்பும் இடத்தில், உச்சி வெயில் நேரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு வெள்ளிப் பக்கம் புரண்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இடம் கிடைத்துவிட்டது.

நேரம்தான் கிடைக்கவில்லை. எங்கே மீன் இருந்தாலும் நாளை இருட்டு இல்லையே. மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்தது. சூரியன் மேற்குக் கரையின் மருத மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் தண்ணீர் முழுக்க நிழல் விழுந்தது. பொழுது விழ இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கிழக்கே வயலில் மஞ்சள் வெயில் அப்படியே கிடந்தது. இனிகோ எழுந்து நின்றான். நாளை விடியுமுன் நிலா இறங்கப் போவதும் இதே மேற்கில்தான். வானத்தில் இருட்டு இல்லாவிட்டால் என்ன, இந்தத் திருப்பத்தில் ஒரு மணி நேரம் இருட்டு இருக்கும்.

சாயங்காலம் துறைக்குப் போய், செல்லக்கிளி கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, திருப்பத்துக்கே திரும்பி வந்து மணலில் படுத்தான். நான்கு மணிக்கு ஆற்றில் இறங்கி, கிழக்கு ஓரத்தில் முழங்கால் அளவில் நின்றான். நிலா பகல்போல் அடித்தது. தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை. அரை மணி நேரம் கழித்து மரங்களின் நிழல் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு அவன் காலடிக்கு வந்தது. அவன் அப்போதும் வீசவில்லை. கெண்டைக்குப் பயம் தெளிய வேண்டும். இருநூறு எண்ணினான். வலக்கைப் பக்கம் சலசலத்தது.

முதல் வீச்சில் மூன்று. அடுத்த வீச்சு வெறும் வலை. இடம் மாறி, காத்திருந்து வீசினான், இரண்டு. பதறி வேகவேகமாக வீசினால் மீன் கலைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் நூறு எண்ணினான். எண்ணுவதுதான் வலை வீசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கிழக்கு வெளுத்தபோது சாக்கில் பதினொன்று இருந்தன, எல்லாம் சாணுக்கு மேல். வெளிச்சம் தண்ணீரில் இறங்கியது. இனி வராது என்று தெரியும். ஆனாலும் வீசினான், நான்கு முறை வெறும் வலை. ஐந்தாவது முறை வலை ஓரத்து ஈயமணிகளுக்கு நடுவே ஒன்று துள்ளியது. அரைச் சாண் கெண்டை.

முழு மீன் என்றுதான் வழக்கம். அளவு வழக்கத்தில் இல்லை; சாண் என்றது மரியசெல்விதான். அதையும் சாக்கில் போட்டான்.

அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் பன்னிரண்டு இலை. மரியசெல்வி கல் உப்பும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தாள். இனிகோவே பரிமாறினான். பவுல் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். பெரிய மீன்களை மற்றவர்களுக்கு வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சிய சின்னதை அவன் தன் அப்பா இலையில் வைத்தான். பெற்றவருக்கு நல்லதை ஒதுக்கினான் என்று ஊர் பேசக் கூடாது.

பவுல் தன் இலையைப் பார்த்தார். பக்கத்து இலையைப் பார்த்தார். அங்கே கெண்டையின் வால் இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார்.

“ஏலே” என்றார் பவுல். மூன்று வருடத்தில் இனிகோவைப் பார்த்து அவர் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. “எல்லாவனுக்கும் சாண் அளவு. எனக்கு மட்டும் ஏம்ல இந்தப் பொடி?”

“கடைசியா விழுந்தது அதுதாம்ப்பா. விடிஞ்சு போச்சு.”

பவுல் மீனைப் பிட்டார். சின்னக் கெண்டைக்கு முள் அதிகம். ஒவ்வொரு முள்ளாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் தின்றார். தலையையும் விடவில்லை. இனிகோ குழம்புச் சட்டியோடு அங்கேயே நின்றான்.

“ஞாயித்துக்கிழமை உயிர்ப்புத் திருநாள்” என்றார் கடைசியில், இலையைப் பார்த்தபடி. “அதுக்குப் பொறவு வீட்டுலதான இருப்ப?”

“மறுநாள் இருக்க மாட்டேம்ப்பா. திங்கக்கிழமை பொழுது விழுந்து மூணு மணி நேரம் நிலா எழும்பாது. அன்னைக்கு ஆத்துக்குப் போவேன். நீங்க செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாங்க.”

“சாணுக்குக் குறைஞ்சா எந்திரிச்சுப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டு, பவுல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார்.