பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

ஜாஸ்மி ஃபிளாஷ் அடிக்கமாட்டாள். வட்டக்கோட்டை மதிலோரம் கல்யாண ஜோடியை நிறுத்தி அந்தியில் எடுப்பதானாலும், இருட்டிய பிறகு வரும் தேர்ப்பவனியானாலும், கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, இருக்கிற வெளிச்சத்தை வைத்துத்தான் எடுப்பாள். சாவு வீட்டில் கேட்கவே வேண்டாம். எங்கள் கடற்கரை ஊர்களில் அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நின்று ஒரு படம் எடுத்தாக வேண்டும். போனில் நூறு எடுத்தாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது அந்த ஒன்றைத்தான். ஃபிளாஷ் அடித்தால் இறந்தவர் முகம் மாவு அப்பியதுபோல் ஆகிவிடும் என்பது ஜாஸ்மியின் கட்சி. அதனால் கேமரா திறந்திருக்கும் இரண்டு விநாடியும் எல்லாரும் கல்லாக நிற்க வேண்டும். "ஆடாதிய! மூச்சப் புடிச்சிட்டு நில்லுங்க!" என்று அவள் போடும் சத்தத்தில் அழுகிறவர்களே வாயை மூடிக்கொள்வார்கள். அப்படியும் யாராவது ஒருவர் ஆடித் தொலைப்பார், படத்தில் அவர் மட்டும் கலங்கிப்போய் விழுவார். எந்தப் படத்திலும் குறையில்லாமல் விழுகிறவர் பெட்டிக்குள் இருப்பவர்தான்.

பதினெட்டு வருடம் ஊரார் சாவையெல்லாம் இப்படி எடுத்தவளுக்குப் போன அக்டோபரில் சொந்த அம்மை செசிலியே போய்விட்டாள். ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவள். குளிப்பாட்டியது, கஞ்சி ஊட்டியது, முதுகுப் புண்ணைத் துடைத்தது எல்லாம் ஜாஸ்மி. அண்ணன் சிஜோ துபாயிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து, "அம்மைக்கு சொகந்தானே?" என்று கேட்பான். அதுவும் பெரிய காரியம்தான், என்ன!

ஜாஸ்மிக்கு அன்றைக்கு இருந்தது ஒரே ஆசை. அம்மையின் தலைமாட்டில் தானும் நின்று ஒரு படம். அதற்காகவே பக்கத்து ஊரான கொட்டாரத்திலிருந்து ஜெபிஷ் என்ற போட்டோக்காரனை வரச்சொல்லியிருந்தாள். நாலு மணி அடக்கம். சிஜோவின் விமானம் தாமதம். ஐந்தரை வரை பார்த்துவிட்டு, ஒப்புக்கொண்ட கல்யாண வரவேற்பு ஒன்று இருக்கிறதென்று ஜெபிஷ் கிளம்பிவிட்டான். சிஜோவும் மனைவி ஜின்சியும் காரை விட்டு இறங்கும்போது வெயில் போய், கடல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"வீட்டுல ஒருத்தி இருக்கும்போ வெளியாளு எதுக்கு? ஏட்டி, நீ எடு" என்றான் சிஜோ.

"நானும் நிக்கணும் அண்ணா."

"அதுக்கென்ன, ஓடி வந்து நில்லு."

முற்றத்து மணலில் பெட்டியைச் சுற்றி, தலைமாட்டில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு எல்லாரையும் நிறுத்தினாள். டைமரைப் பத்து விநாடிக்கு வைத்துவிட்டு, வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் இடத்தில் ஜின்சி நின்றாள். முன்னால் தெரிய வேண்டுமாம்!

"மைனி, கொஞ்சம் தள்ளுங்க. இது எனக்க எடம்."

"இஞ்ச எங்க தள்ள? நீ அந்தால போய் நில்லு."

சண்டை போடுகிற இடமா அது? கால்மாட்டுக்கு ஓடினாள். போய்ச் சேருமுன் கேமரா திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு எடுப்போம் அண்ணா. ஒரே ஒண்ணு."

"போதும் மக்கா. ஜெபம் சொல்ல சாமியாரு எவ்வளவு நேரமா நிக்காரு, பாத்தியா? இருட்டியாச்சு."

பெட்டியை மூடினார்கள். எல்லாரும் கதறும்போது ஜாஸ்மி ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் படத்தை அனுப்பினாள். சிஜோ உடனே கூப்பிட்டான். "அம்மைக்க மொகம் ஒறங்குன மாதிரியே இருக்கு, கேட்டியா. கால்மாட்டுல மட்டும் வெள்ளையா பொகை மாதிரி என்னமோ கெடக்கு. அத அழிச்சிட்டு அனுப்பு. சட்டம் போடக் குடுக்கணும்."

அது ஓடி வந்த நான்தான் என்று ஜாஸ்மி கத்தியிருக்கலாம். அழித்தே அனுப்புவோம், நீ எங்கே என்று அப்போதாவது கேட்கிறானா பார்ப்போம் என்று ஒரு வீம்பு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சேலை நுனியை அழித்தாள். கையை, பாதி விழுந்திருந்த முகத்தை அழித்தாள். பக்கத்து மணலை இழுத்து அந்த இடத்தை நிரப்பினாள். கைவந்த வேலை, அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் வந்தது. "இப்பந்தான் நல்லாருக்கு. குடும்பத்துல எல்லாரும் இருக்கோம்."